பணம் கட்டியாச்சு, ஆளைக் காணோம்: பேச்சு நின்றுபோன திட்டத்தை என்ன செய்வது

மதுரையில் டிடிபி வேலை செய்கிறேன். புத்தகத்துக்குப் பக்கம் கட்டுவது, கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் நம்ம வேலைதான். கையில் கொஞ்சம் காசு மிஞ்சினால், ஒரு பொருளைச் செய்ய நினைப்பவர்கள் முன்கூட்டியே பலரிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் ஓவியப் புத்தகம், பலகை ஆட்டம், சீட்டுக்கட்டு என்று எதற்காவது கட்டிவிடுவேன். 2017இலிருந்து 14 திட்டங்களுக்குக் கட்டியிருக்கிறேன். 11 வந்து சேர்ந்தன, பெரும்பாலும் தாமதமாக. 3 பேச்சுமூச்சில்லாமல் போயின. அந்த மூன்றில் ஒன்று பிடிஎஃப்பாக வந்தது, ஒன்றுக்கு வங்கி வழியாகப் பணம் திரும்பியது, ஒன்று போயே போச்சு.

இதற்கு நடுவில் 2022இல் நானே 212 பேரிடம் பணம் வாங்கிக்கொண்டு ஐந்து மாதம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்து வயிற்றெரிச்சலும் எனக்குத் தெரியும். ஊரில் சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போனால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இங்கே ஆள் அமெரிக்காவில் ஓரிகனிலோ, போலந்திலோ இருப்பார். நம் கையில் இருப்பது ஒரு மெசேஜ் பெட்டியும் ஒரு காலண்டரும்தான். அந்த இரண்டை எப்படிப் பயன்படுத்துவது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

கோபப்படும் முன்

முதலில் நம் பக்கம் தப்பில்லையா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், எனக்கே நடந்திருக்கிறது. ஒரு பலகை ஆட்டத்துக்காக நான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் பார்த்தால், முகவரி கேட்டு வந்த சர்வே மின்னஞ்சல் ஸ்பாமில் கிடந்தது. எல்லோருக்கும் பெட்டி போய்விட்டது, எனக்கு மட்டும் போகவில்லை. கிக்ஸ்டார்ட்டரில் பணம் வசூலான பிறகு முகவரி, தபால் செலவு விவரங்களை பேக்கர்கிட், கேம்ஃபவுண்ட் போன்ற வேறு தளங்களில் கேட்பவர்கள் நிறையப் பேர். அந்த மின்னஞ்சல் வேறு பெயரில் வரும். அதனால் திட்டத்தின் பெயரைப் போட்டு மின்னஞ்சல் முழுக்கத் தேடுங்கள்.

அடுத்து, லாகின் செய்துவிட்டு அப்டேட் பக்கத்தைத் திறங்கள். சில அப்டேட்டுகள் பணம் கட்டியவர்களுக்கு மட்டும்தான் தெரியும். லாகின் இல்லாமல் பார்த்தால் ஆள் ஒரு வருடமாக ஊமை மாதிரி இருக்கும். அப்புறம் திட்டக்காரருடைய பெயரைத் தட்டிப் பாருங்கள். அவர் கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்று அங்கே இருக்கும். அவருடைய இன்ஸ்டாகிராமையும் பாருங்கள். தினமும் படம் போடுகிறார், ஆனால் நம் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்றால் ஆள் நலமாக இருக்கிறார், நம்மைத் தவிர்க்கிறார் என்று அர்த்தம். எங்கேயுமே ஆள் இல்லை என்றால் உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், வீட்டில் சாவு விழுந்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே மாதிரி மெசேஜ் எழுதக் கூடாது.

தாமதம் வேறு, அமைதி வேறு

பக்கத்தில் போட்டிருக்கும் டெலிவரி மாதம் ஒரு ஆசை. அதை வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டால் நமக்குத்தான் ரத்தக்கொதிப்பு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈதன் மாலிக் இதை ஆராய்ந்திருக்கிறார். பொருள் தருவதாகச் சொன்ன திட்டங்களில் முக்கால்வாசிக்கும் மேல் சொன்ன தேதியைத் தாண்டியவை என்று 2014இல் எழுதினார். 2015இல் பணம் கட்டியவர்களிடமே கேட்டுப் பார்த்தபோது சுமார் 9 சதவீதத் திட்டங்கள் கடைசிவரை எதையும் கொடுக்கவில்லை. பத்துக்கு ஒன்று போகும் என்று மனதில் வைத்துக்கொண்டு கட்டினால் தூக்கம் கெடாது.

தாமதத்துக்குக் காரணமும் பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும். வசூல் முடிந்த அன்றே பணம் கைக்கு வராது, இரண்டு வாரமாவது ஆகும். அதிலும் கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும், கார்டு கட்டணம் தனி. அப்புறம் ஓவியம், புரூஃப், அச்சு. பலகை ஆட்டங்கள் பெரும்பாலும் சீனாவில்தான் அச்சாகின்றன. சீனப் புத்தாண்டு வந்தால் ஆலை வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். பிறகு கப்பல். 2021இல் கண்டெய்னர் வாடகை பல மடங்கு ஏறியது. 2023 கடைசியிலிருந்து செங்கடலில் தாக்குதல் நடந்ததால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. இதற்கெல்லாம் நம்ம ஓவியர் என்ன செய்வார்?

தாமதமானாலும் பேசிக்கொண்டே இருந்தவர்களுக்கு ஒரு உதாரணம் டபுள் ஃபைன் என்ற அமெரிக்க கேம் நிறுவனம். 2012இல் ஒரு வீடியோ கேமுக்கு 4 லட்சம் டாலர் கேட்டார்கள். 87,000 பேருக்கு மேல் சேர்ந்து 33 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அதே வருடம் அக்டோபரில் தருவதாகச் சொன்ன ஆட்டத்தின் முதல் பாதி 2014 ஜனவரியில் வந்தது, மறு பாதி 2015 ஏப்ரலில். நடுவில், ‘இவ்வளவு வந்தும் பணம் போதவில்லை, இரண்டாகப் பிரித்து விடுகிறோம்’ என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். வேலை நடக்கும் இடத்தையே ஆவணப்படமாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டினவர்கள் இருந்தார்கள். ஆனால் ‘ஆளைக் காணோம்’ என்று யாரும் சொல்ல முடியவில்லை.

அதனால் நான் பார்ப்பது தேதியை அல்ல, கடைசி அப்டேட்டை. அதில் ஏதாவது கெட்ட செய்தி இருக்கிறதா? ‘சிவப்பு நிறம் புரூஃபில் பழுப்பாக வந்திருக்கிறது, மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறோம்’ என்று எழுதியவர் மூன்று மாதம் பேசாவிட்டாலும் நான் பொறுத்துக்கொள்வேன். ‘அருமையான செய்தி காத்திருக்கிறது, விரைவில் சந்திப்போம்’ என்று எழுதிவிட்டு ஆறு வாரம் போனால் உடனே காலண்டரை எடுப்பேன். ஒரு விவரமும் இல்லாத நல்ல செய்தியைப் போல மோசமான அறிகுறி வேறு இல்லை. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அதே வரியை நானும் எழுதியிருக்கிறேன்.

நான் வாயை மூடிக்கொண்ட கதை

ஆடுபுலி ஆட்டம். துணியில் அச்சிட்ட கட்டம், கடைசல் மரத்தில் 3 புலி, 15 ஆடு, கூடவே 48 பக்கத்தில் நம்ம ஊர்க் கட்ட ஆட்டங்களைப் பற்றி ஒரு புத்தகம். 2022 ஜனவரியில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டு 650 ரூபாய் என்று சொன்னேன். 212 பேர் ஜிபேயில் அனுப்பினார்கள். மொத்தம் 1,37,800. என் வாழ்க்கையில் என் கணக்கில் அவ்வளவு பணத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. சித்திரைக்குத் தருகிறேன் என்றேன்.

காய்களுக்கு அம்பாசமுத்திரம் போனேன். மரச்சொப்புக்குப் பேர்போன ஊர். ஒரு கடைசல்காரர் காய் ஒன்றுக்கு 12 ரூபாய் என்றார். மொத்தம் 3,816 காய். 30,000 அட்வான்ஸ் கொடுத்தேன். அவர் 1,100 ஆடுகளை முடித்திருந்தபோது வண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துபோனது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் மீதிப் பணத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேறு ஆள் பார்த்தால் காய் 17 ரூபாய். இன்னொரு பக்கம் தபால். புத்தகப் பார்சல் கட்டணத்தில் போய்விடும் என்று செட்டுக்கு 35 ரூபாய்தான் கணக்கில் வைத்திருந்தேன். மாதிரிக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு தபால் ஆபீஸ் போனபோது கவுண்டரில் இருந்த அம்மா பையை அழுத்திப் பார்த்து, “உள்ள கட்டை இருக்கே. இது புக் போஸ்ட்ல போகாது” என்றார். செட்டுக்கு 82.

இவ்வளவும் சொல்லியிருக்கலாம். யாரும் அடித்திருக்க மாட்டார்கள். ஆனால் ஜூன் மாதம் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டி வந்தது. அந்தக் கணக்கிலிருந்து 20,000 எடுத்தேன். ‘அடுத்த மாதம் ஒரு புத்தக வேலை வருகிறது, வைத்துவிடலாம்.’ அந்த வேலை தள்ளிப்போனது. அதற்கப்புறம் ‘அக்கா எப்போ வரும்?’ என்ற ஒவ்வொரு மெசேஜும் எனக்கு ‘அக்கா அந்த இருபதாயிரம் எங்கே?’ என்றுதான் கேட்டது. ‘விரைவில் நல்ல செய்தியுடன் வருகிறேன்’ என்று போட்டுவிட்டு குரூப்பை மியூட் செய்தேன். அக்டோபர் கடைசியில் 84 படிக்காத மெசேஜ்.

அமைதியாகிப்போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் இருப்பார்கள் என்பது என் எண்ணம். கொள்ளைக்காரனாக ஆரம்பிப்பவர்கள் குறைவு. ஒரு தப்பான கணக்கு, ஒரு கெட்ட நேரம், அதன்மேல் ஒரு வெட்கம். நாள் ஆக ஆக வெட்கத்துக்கு வட்டி ஏறும். இதைச் சொல்வது அவர்களை மன்னிக்கச் சொல்வதற்காக இல்லை. எந்தக் கேள்விக்குப் பதில் வரும், எதற்கு வராது என்பது இதை வைத்துத்தான் தெரியும்.

84 மெசேஜில் ‘ஃபிராடு’ என்று எழுதியவர்கள் இரண்டு பேர், ‘எப்போ’ என்று கேட்டவர்கள் மற்ற எல்லோரும், ஒருவரைத் தவிர. தென்காசிப் பக்கம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். “அம்மா, எப்போ வரும்னு கேக்கல. ஆடு எத்தனை தேறியிருக்கு?” என்று எழுதியிருந்தார். அதற்கு எனக்குப் பதில் தெரியும். 1,100 என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: “அப்போ 73 பேருக்கு ஆடு ரெடி. புலிதான் இல்ல. முதல்ல புலியைக் கடைங்க.” அன்று ராத்திரி அழுதேன். மறுநாள் குரூப்பில் எல்லாவற்றையும் எழுதினேன், அந்த 20,000 உள்பட.

எப்படிக் கேட்பது

அந்த வாத்தியாரிடம் கற்றதைத்தான் அதற்கப்புறம் என் மெசேஜ்களில் பயன்படுத்துகிறேன். நினைத்துப் பார்த்தால், அதற்கு முன்பே ஒருமுறை தெரியாமல் சரியாகச் செய்திருக்கிறேன். 2019 மார்ச்சில் ஒரு ஓவியப் புத்தகத்துக்கு 45 டாலரும் தபாலுக்கு 18 டாலரும் கட்டியிருந்தேன். நவம்பரில் வரவேண்டியது. செப்டம்பரோடு பேச்சு நின்றது. 2020 பிப்ரவரியில் நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

“வணக்கம். மார்ச்சில் 45 டாலர் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. கடைசி அப்டேட் செப்டம்பர் 12. அதில் 160 பக்கத்தில் 110 முடிந்ததாக எழுதியிருந்தீர்கள். இப்போது எத்தனை பக்கம்? அச்சகத்துக்கு ஏதாவது போயிருக்கிறதா? ஒரு வரி போதும். முடித்த ஒரு பக்கத்தின் படம் போட்டால் இன்னும் நல்லது.”

இதில் ‘எப்போது’ இல்லை, கவனியுங்கள். எப்போது என்று அவருக்கே தெரியாது. தெரியாததைக் கேட்டால் பொய் சொல்வார், இல்லையென்றால் ஓடுவார். எத்தனை பக்கம் என்பதற்கு எழுந்து போய் எண்ணினால் பதில் கிடைத்துவிடும். கடைசி அப்டேட்டின் தேதியும் அதில் இருந்த எண்ணிக்கையும் போட்டதால், இந்த ஆள் படித்துவிட்டுத்தான் கேட்கிறாள் என்பது தெரியும். ஒரு வரி போதும் என்றதால் நீளமான மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டிய பயம் இல்லை. முதல் மெசேஜில் பணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அது மூன்றாவது மெசேஜுக்கு.

இரண்டு வாரம் பொறுத்து அதையே சுருக்கி மறுபடி அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லையாம், 122 பக்கம் முடிந்திருக்கிறதாம்.

பதிலே வராவிட்டால் அடுத்த மாதம் மூன்றாவது மெசேஜ். இதில் குரல் மாறவேண்டும். கிக்ஸ்டார்ட்டர் விதிமுறையில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. திட்டத்தை முடிக்க முடியாதவர் இதுவரை என்ன வேலை நடந்தது, பணம் எப்படிச் செலவானது, எது தடுக்கிறது என்று அப்டேட் போடவேண்டும். மிச்சமிருக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லவேண்டும், அல்லது வேறு வடிவத்தில் திட்டத்தை முடிக்க அதை எப்படிப் பயன்படுத்துவார் என்று விளக்கவேண்டும். அந்தக் கேள்விகளை அப்படியே வரிசையாகப் போட்டு, ஒரு தேதியும் குறித்து அனுப்புங்கள். இதைத் திட்டத்தின் பொதுப் பக்கத்திலும் போடுங்கள், பிறர் பார்க்கட்டும். ‘இந்தத் திட்டத்தைப் பற்றிப் புகார் செய்’ என்ற இணைப்பையும் அழுத்துங்கள். கிக்ஸ்டார்ட்டர் உங்களுக்குப் பணம் தராது. 2012 செப்டம்பரிலேயே ‘கிக்ஸ்டார்ட்டர் ஒரு கடை அல்ல’ என்று தலைப்புப் போட்டுக் கையை விரித்துவிட்டார்கள். ஒப்பந்தம் உங்களுக்கும் திட்டக்காரருக்கும் நடுவில்தான். ஆனாலும் அந்த ஆள் அடுத்த திட்டம் போட வரும்போது புகார் அங்கே இருக்கும்.

திட்டத்தோடு சம்பந்தப்பட்ட மற்றவர்களிடம் மரியாதையாக விசாரிக்கலாம். ஓவியர், எழுத்தாளர், அச்சகம். அவர்களுக்கே காசு வராமல் இருக்கலாம். திட்டக்காரரின் மனைவியை, பிள்ளையை, ஆபீஸைத் தேடிப்போகாதீர்கள். முகவரியைப் பொதுவில் போடாதீர்கள். என் குரூப்பில் ஒருவர் என் மகளின் ஃபேஸ்புக்கில் போய் எழுதினார். அதனால் ஒரு ஆடுகூடச் சீக்கிரம் கடையப்படவில்லை.

காலண்டர் யாருக்கும் காத்திருக்காது

இங்கேதான் நல்ல மனசு உள்ளவர்கள் ஏமாறுகிறார்கள். மெசேஜில் எவ்வளவு வேண்டுமானாலும் பொறுமையாக இருங்கள், வங்கி விஷயத்தில் பொறுமை கூடாது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று வங்கியில் புகார், அதாவது டிஸ்ப்யூட், போடலாம். விசா கார்டு என்றால், பொருள் வருவதாகச் சொன்ன தேதியிலிருந்து 120 நாள் என்பது பொதுவான கணக்கு. பணம் கட்டிய நாளிலிருந்து மொத்த வரம்பும் தனியாக உண்டு. உங்கள் கார்டுக்கு என்ன கணக்கு என்று வங்கிக்கு போன் போட்டுக் கேட்டு, பணம் கட்டிய அன்றே போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

என் சீட்டுக்கட்டு 2019 மே மாதம் வரவேண்டியது. ஆள் ஏப்ரலிலேயே காணாமல் போயிருந்தார். ஜூலையில் வங்கிக்குப் போனேன். டெலிவரி மாதம் போட்டிருந்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், கடைசி அப்டேட், என் இரண்டு மெசேஜ், பணம் கட்டிய ரசீது. நான்கு தாள். கவுண்டரில் இருந்த பையனுக்குக் கிக்ஸ்டார்ட்டர் என்றால் என்னவென்று தெரியவில்லை. “முன்பணம் கட்டிப் பொருள் வரல” என்று மட்டும் சொன்னேன், புரிந்துகொண்டான். இரண்டு மாதத்தில் 2,300 ரூபாய் திரும்பியது. இன்னொரு ஆட்டம் 2021 ஜூனில் வரவேண்டியது. கொரோனா காலம், பாவம் என்று விட்டுவிட்டு 2022 பிப்ரவரியில் போனேன். நாள் முடிந்துவிட்டது என்றார்கள். அதுதான் போயே போன மூன்றாவது.

டிஸ்ப்யூட் போட்டால் கண்டிப்பாகக் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. இது விற்பனையே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். அதோடு, பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எதிராக இதைச் செய்யாதீர்கள். ஐம்பது பேர் ஒரே வாரத்தில் பணத்தைப் பிடுங்கினால் அச்சுக்கு வைத்திருந்த காசு போய், மீதிப் பேருக்கும் ஒன்றும் வராது. அமைதியாகிப்போனவருக்கு மட்டும்தான் இந்த மருந்து.

என்னை மாதிரி ஒரு ஆளின் எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பியிருந்தால் இந்த வழி கிடையாது. ஆள் இந்தியாவில் இருந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும்.

ஆள் அமெரிக்காவில் இருந்தால், மதுரையில் உட்கார்ந்துகொண்டு சட்டத்தால் ஒன்றும் ஆகாது. அங்கேயே இருப்பவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது இது. 2012இல் ஒரு சீட்டுக்கட்டுத் திட்டத்துக்கு 810 பேர் 25,146 டாலர் கொடுத்தார்கள். கட்டு வரவில்லை. 2014இல் மாநில அரசே வழக்குப் போட்டது. அடுத்த வருடம் தீர்ப்பு: மொத்தம் 54,000 டாலருக்கு மேல் கட்டச் சொன்னார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி அபராதமும் வழக்குச் செலவும்தான். பணம் கட்டியவர்களுக்கு என்று ஒதுக்கியது 668 டாலர், அதுவும் அந்த மாநிலத்தில் இருந்த 31 பேருக்கு மட்டும். தலைக்கு 21 டாலர் சொச்சம்.

இன்னொன்று எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 2012இல் அட்லாண்டிக் சிட்டியை வைத்து ஒரு பலகை ஆட்டம். கேட்டது 35,000 டாலர், 1,246 பேர் கொடுத்தது 1,22,000 டாலருக்கு மேல். அடுத்த வருடம் ஜூலையில் ஆட்டம் ரத்து என்றார் திட்டக்காரர். பணத்தில் வீட்டு வாடகை கட்டியிருக்கிறார், ஓரிகனுக்குக் குடிபோயிருக்கிறார், தனக்குச் சாமான் வாங்கியிருக்கிறார் என்று 2015இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் சொன்னது. இப்படிப்பட்ட திட்டத்தின்மேல் அவர்கள் எடுத்த முதல் வழக்கு அது. 1,11,793 டாலர் கட்ட உத்தரவு, ஆனால் கட்ட வக்கில்லை என்பதால் நிறுத்திவைப்பு. என் 20,000 ரூபாய்க்கும் அவருடைய வாடகைக்கும் உள்ள தூரத்தை நான் நிறைய முறை அளந்து பார்த்திருக்கிறேன். நினைத்த அளவுக்கு அது நீளமாக இல்லை.

ஆனால் அந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் வேறு ஆட்கள். கிரிப்டோசோயிக் என்ற நிறுவனம் அந்த ஆட்டத்தை எடுத்து அச்சிட்டு, பணம் கட்டியவர்களுக்கு இலவசமாகவே அனுப்பியது. சம்பந்தப்பட்ட மற்றவர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள் என்று சொன்னேனே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிடைப்பதை வாங்குங்கள்

ஓவியப் புத்தகத்துக்காரர் பதில் போட்டபின் நான் கேட்டது அச்சுப் புத்தகம் இல்லை. ‘முடிந்த 122 பக்கத்தைப் பிடிஎஃப்பாகத் தர முடியுமா?’ என்றேன். அவருக்கு அது தோன்றவே இல்லையாம். தோற்றுப்போன புத்தகமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அதுவே போதும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. 2021 நடுவில் 131 பக்கமாக வந்தது. என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒரு பிடிஎஃப்புக்கு 63 டாலர் அதிகம்தான், ஆனால் ஒன்றுமில்லாததைவிட நல்ல படங்கள்.

கோப்புகள், அச்சாகாத ஓவியங்கள், நீங்களே அச்செடுத்துக்கொள்ளும் மாதிரி ஆட்டத்தின் வரைபடம், விதிமுறைத் தாள். எதைத் தந்தால் தொல்லை இல்லாமல் முடியும் என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள். பெரும்பாலும் அவர்கள் ‘எல்லாம் அல்லது ஒன்றுமில்லை’ என்ற இடத்தில் சிக்கிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த முறை கட்டும் முன் நான் பார்ப்பது இரண்டே விஷயம். தபால் செலவைத் தனியாக எழுதியிருக்கிறாரா, இதற்கு முன் ஒன்றையாவது முடித்து அனுப்பியிருக்கிறாரா. வீடியோ எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. அழகான வீடியோ எடுத்தவர் வீடியோவுக்குச் செலவு செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

வாயை மூடியது நீங்கள் என்றால்

இதைப் படிப்பவர்களில் என்னைப் போல ஒருவராவது இருப்பார். பொருள் வரும் முன்பே ஆள் சேர்க்கும் இந்த வழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா.வே, புத்தகம் வரும் முன் வாங்குவதாகக் கையொப்பம் போட்டவர்களை நம்பித்தான் அச்சுக்குக் கொடுத்தார். கையொப்பம் வாங்குவது கஷ்டமில்லை, வாங்கினவர் முகத்தில் விழிப்பதுதான்.

நாளைக் காலையில், எல்லாம் சரியான பிறகு அல்ல, எழுதுங்கள். மன்னிப்பு ஒரு வரி. பிறகு எண்கள்: எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, எவ்வளவு மிச்சம், எத்தனை முடிந்திருக்கிறது. சொந்தச் செலவுக்கு எடுத்திருந்தால் அதையும். நான் எழுதியபோது 212 பேரில் 9 பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், மாதம் மூன்று பேர் என்று கொடுத்தேன். ஒருவர் குரூப்பை விட்டுப் போனார். மற்றவர்கள் காத்திருந்தார்கள். புது தேதி சொல்லவில்லை. ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் எழுதுவேன், ஒன்றும் நடக்காவிட்டாலும் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று எழுதுவேன் என்றேன். அப்படி இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

வாத்தியார் சொன்னபடி முதலில் புலியைக் கடையக் கொடுத்தேன். டிசம்பரில் 70 செட் போனது, மீதி 2023 மார்ச்சுக்குள். கணக்குப் பார்த்தால் கையிலிருந்து 20,000க்கு மேல் போயிருந்தது. பகலில் அடுத்தவர் புத்தகம், ராத்திரி ஆடு எண்ணுவது என்று அந்தக் குளிர்காலம் போனது.

பையைக் கட்டும் முன் காய்களை எண்ணுங்கள், தூக்கக் கலக்கத்தில் எண்ணாதீர்கள். முதல் பார்சலை வாத்தியாருக்குத்தான் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து ஒரு போட்டோ அனுப்பினார். துணியை விரித்து, பேரனோடு ஆடிக்கொண்டிருக்கிறார். கட்டத்தில் 14 ஆடும் ஒரு புளியங்கொட்டையும் இருந்தன. விட்டுப்போன ஆட்டை மறுநாளே கவரில் போட்டு அனுப்பினேன். வந்து சேர்ந்தது என்று எழுதினார். ஆனால் பேரன் புளியங்கொட்டையை எடுக்க விடவில்லையாம்.